நுளம்பின் பின்னால் நிற்கும் புரதம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்துக் கிடப்பது லக்கல என்னும் பகுதி. அப்பகுதியின் தலையூராக நெடுங்காலம் விளங்கியது பல்லேகம. மலையிலிருந்து இறங்கிவரும் களு கங்கை அப்பகுதியை ஊடறுத்து ஓடி, அம்பன் கங்கையிற் கலந்து, அதன் வழியாக மகாவலியைச் சேர்கின்றது. களு கங்கைக்குக் குறுக்கே அணை எழுந்தபோது, பழைய பல்லேகம நகரம் நீர்த்தேக்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, உயரமான வேறோரிடத்தில் புதிய நகரம் அமைக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. வீடும் கடையும் அலுவலகமும் பாடசாலையும் ஒருசேர இடம்பெயர்ந்த இந்நிகழ்ச்சி, நீரை நம்பி வாழும் நாட்டில் நீருக்காக ஊரே வழிவிட்ட வரலாறாகும்.

இலங்கையின் வரலாற்றில் நீரும் காய்ச்சலும் ஒன்றையொன்று தொடர்ந்தே வந்திருக்கின்றன. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் சிறு சிறு குட்டைகள் தேங்கி நின்றன. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. அடுத்த ஆண்டு வரை நீடித்த அக்கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. அந்நோயை நாட்டைவிட்டு அகற்றுவதற்கு மூன்று தலைமுறையினர் பாடுபட்டனர். 2016ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், இலங்கை மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அச்சான்றின் மை உலருமுன்னரே மற்றொரு காய்ச்சல் நாட்டை உலுக்கிற்று. 2017ஆம் ஆண்டில் மட்டும் டெங்கு நோயாளர் என அறிவிக்கப்பட்டோர் 186,101 பேர். மாண்டோர் 400க்கும் மேற்பட்டோர். மருத்துவமனைகளிற் கட்டில் இன்றித் தரையிலும் நோயாளர் கிடந்தனர். மலேரியா நுளம்பு ஆற்றங்கரையையும் குட்டையையும் நாடியது. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்போ மனிதனின் வாசலையே நாடுகின்றது. களு கங்கையை மறித்துத் தேக்கிய பெருநீர்ப்பரப்பில் அது முட்டையிடுவதில்லை; பூச்சாடியின் அடித்தட்டில் தேங்கிய ஒரு கைப்பிடி நீர் அதற்குப் போதும். அது குடிக்கும் குருதியோடு ஒரு வைரசும் கைமாறுகின்றது. அந்த வைரசு, இருபதினாயிரத்தை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றரே நீளும் அத்துணைச் சிறியது. இத்துணைச் சிறிய பொருள் திடகாத்திரமான மனித உடலின் காவலைக் கடப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

1906ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த தொமஸ் பாங்குரொப்ட் என்னும் மருத்துவர், ஈடிசு நுளம்பே இந்நோயைக் காவுகின்றது என்பதற்குச் சான்று காட்டினார். அடுத்த ஆண்டில், பிலிப்பைன்சு நாட்டில் பணியாற்றிய அமெரிக்கப் படை மருத்துவர்களான அஷ்பேர்ண், கிரெய்க் ஆகிய இருவர், நோயாளரின் குருதியை மிக நுண்ணிய வடிகட்டியினூடாகச் செலுத்தினர். பற்றீரியாக்கள் அவ்வடிகட்டியைக் கடக்கமாட்டா. ஆயினும், கடந்து வந்த நீர்மம் தன்விருப்புடன் முன்வந்த மனிதருக்கு நோயை உண்டாக்கிற்று. நோய்முதல் பற்றீரியாவினும் சிறியது என்பது இதனால் உறுதியாயிற்று. பின்னர், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், நாகசாக்கி நகரிற் பரவிய காய்ச்சலை ஆராய்ந்த யப்பானிய அறிஞர்களான சுசுமு ஹொத்தாவும் ரென் கிமுராவும், பால்குடி மாறாத எலிக்குஞ்சுகளின் மூளையில் அவ்வைரசை வளர்த்துப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் அமெரிக்கரான அல்பேர்ட் சாபினும் அதனைப் பிரித்தெடுத்தார். வளர்ந்த எலிகள் இவ்வைரசுக்கு எளிதிற் பணியவில்லை என்பது அக்காலத்திலேயே காணப்பட்ட ஒரு புதிர். அப்புதிரின் விடை பிற்பாடு இவ்வுரையில் வரும்.

இலங்கையில் டெங்கு உண்டென்பது குருதிச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ஆண்டு 1962. 1965ஆம், 1966ஆம் ஆண்டுகளில் சிக்குன்குனியாவோடு சேர்ந்து அது பரவிற்று. அக்காலத்தில் உடம்பை முறித்துப்போட்டுச் சில நாட்களில் விட்டகலும் காய்ச்சலாகவே பெரும்பாலும் அது கருதப்பட்டது. குருதிப் பெருக்கோடு கூடிய கொடிய டெங்கு பெருமளவில் தலைகாட்டியது 1989ஆம் ஆண்டில். 1996ஆம் ஆண்டில், மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது.

இனி, பகைவனின் கூடாரத்தினுள்ளே புகுந்து பார்ப்போம். டெங்கு வைரசின் உள்ளீடு ஒரேயொரு ஆர்.என்.ஏ. இழையாகும். ஏறத்தாழ 10,700 எழுத்துக்களைக் கொண்ட ஓர் ஓலை என அதனைக் கருதலாம். மனித உடலின் மரபுப் பொருளிலோ புரதங்களுக்குரிய மரபணுக்கள் மாத்திரம் சுமார் 20,000 உள. வைரசின் ஓலையைக் கலம் படித்து ஒரே நீண்ட புரதத்தை ஆக்குகின்றது. அந்நீள் புரதம் பத்துத் துண்டுகளாக வெட்டுப்படுகின்றது. மூன்று துண்டுகள் வைரசின் உடலைக் கட்டுகின்றன. ஏனைய ஏழும் கட்டடத்திற் சேராமல், கலத்தினுள்ளே இருந்து தொழில் புரிகின்றன. இத்திட்டம் முழுவதும் வெளிப்பட்டது 1985ஆம் ஆண்டில், டெங்கின் நெருங்கிய உறவான மஞ்சட்காய்ச்சல் வைரசின் ஆர்.என்.ஏ. எழுத்துக்கள் யாவும் அமெரிக்காவில் வாசிக்கப்பட்டபோதாம்.

அவ்வேழில் கடைசியானதும் மிகப் பெரியதும் என்.எஸ்.5 எனப்படும் புரதம். ஏறத்தாழ 900 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட அச்சங்கிலி, மடிந்து இரண்டு செயற்பகுதிகளாக அமைகின்றது. செயற்பகுதி என்பது, புரதத்தினுள்ளே தனக்கெனத் தனி வடிவமும் தனித் தொழிலும் உடைய ஒரு பகுதியாகும். ஒரே அச்சில் இணைந்த கத்தியும் சாணைக்கல்லும் போல என்.எஸ்.5இன் இரு செயற்பகுதிகளும் குறுகியதோர் இணைப்பினாற் பிணைக்கப்பட்டுள்ளன. முதற் பகுதியின் முப்பரிமாண வடிவத்தை 2002ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து அறிஞர்களும், இரண்டாம் பகுதியின் வடிவத்தை 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூரிற் பணியாற்றிய அறிஞர்களும் வெளியிட்டனர்.

இரண்டாம் பகுதியின் தொழிலை முதலிற் கூறுதல் எளிது. அது படியெடுக்கும் நொதியம். வைரசின் ஆர்.என்.ஏ. ஓலையைப் பார்த்துப் புதிய ஓலைகளை எழுதுவது அதன் வேலை. ஆனால், மனிதக் கலத்தினுள்ளே கலத்துக்கே உரிய ஆர்.என்.ஏ. இழைகள் எண்ணிறந்தன மிதக்கின்றன. அவற்றுள் தன் ஓலையை மட்டும் அது எவ்வாறு இனங்காண்கின்றது? இதற்கு விடை கண்டவர் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஆய்வு நடத்திய அந்திரியா காமார்னிக் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆவர். வைரசு ஆர்.என்.ஏ.யின் தொடக்க முனையில் ஏறத்தாழ 70 எழுத்துக்கள் தம்மைத் தாமே மடித்து, தண்டும் கண்ணியும் கொண்டதோர் உருவை ஆக்குகின்றன. நொதியம் அவ்வுருவையே அடையாளமாகக் கொண்டு பற்றுகின்றது என அவர்கள் 2006ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். வியப்பு யாதெனின், படியெடுத்தல் தொடங்கவேண்டியது அந்த முனையில் அன்று, எதிர் முனையில். அதற்காக இழையின் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் எழுத்துக்கள் அமைந்திருக்கின்றன. அவை கூடும்போது இழை வட்டமாக வளைகின்றது. தொடக்க முனையைப் பற்றி நின்ற நொதியத்தின் முன்னே கடைசி முனை தானே வந்து சேர்கின்றது. முழு ஓலையும் சிதையாமல் இருந்தாலன்றி இரு முனைகளும் கூடமாட்டா. ஆகவே, முறிந்த ஓலையைப் படியெடுத்து உழைப்பை வீணாக்கும் இடரும் இதனால் தவிர்க்கப்படுகின்றது.

முதற் பகுதியின் தொழில் முத்திரை இடுவது. மனிதக் கலம் தன் சொந்தச் செய்தி ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பியைச் சூட்டி, அதன்மேல் மெதைல் என்னும் சிறு வேதிக் குறியை இடுகின்றது. அக்குறி இருந்தால் அஃது அரண்மனைக் கடிதம். இல்லையேல் அந்நியன் கடிதம். என்.எஸ்.5இன் முதற் பகுதி அதே தொப்பியின் மீது அதே குறிகளை வைரசின் ஓலைக்கும் இட்டுவிடுகின்றது. இம்முத்திரையின் அருமை 2010ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. டெங்கின் குடும்பத்தைச் சேர்ந்த மேற்கு நைல் வைரசில் ஒரு குறியை இடும் ஆற்றலை மட்டும் அறிஞர்கள் அகற்றிப் பார்த்தனர். உடலின் காவற் புரதங்கள் அவ்வைரசை அடையாளங்கண்டு, அதன் ஓலை வாசிக்கப்படாதவாறு தடுத்தன. அதன் கொடுமையும் தணிந்தது. கள்ள முத்திரை ஒன்று பறிபோனதும் கள்வன் வெளிப்பட்டான்.

இதுவரை கூறியது என்.எஸ்.5 தன் ஆர்.என்.ஏ.யோடு கொண்ட உறவு. அதே புரதம், தனக்கு இடங்கொடுத்த கலத்தோடு கொள்ளும் உறவு வேறு. உயிரியல் நூல்கள் அக்கலத்தை விருந்து வழங்கி என்று அழைக்கின்றன. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யும் விருந்தாளியின் கதை இனி வருவது.

1957ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசாக்ஸ், ஜீன் லிண்டன்மன் ஆகிய இருவரும், வைரசு தொற்றிய கலங்கள் ஒருவகைப் பொருளைச் சுரந்து அயற்கலங்களைக் காக்கின்றன எனக் கண்டு, அப்பொருளுக்கு இன்டர்பெரோன் எனப் பெயரிட்டனர். தீப்பற்றிய வீட்டார் எழுப்பும் கூக்குரல் அது. குரல் கேட்ட கலத்தின் வாயிலிலிருந்து கருவறைக்குச் செய்தி சென்றாலே காவற் படைக்கலங்கள் ஆக்கப்படும். அச்செய்தியைச் சுமக்கும் தூதர்களுள் இன்றியமையாதது ஸ்டாட் 2 என்னும் புரதம். என்.எஸ்.5 அத்தூதனைப் பற்றிப்பிடித்து அழிவுக்கு அனுப்புகின்றது என்பது 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளாற் புலப்பட்டது. அழிப்பதற்கும் அது தன் சொந்தக் கருவியைப் பயன்படுத்துவதில்லை. பழுதான புரதங்களை அடையாளமிட்டு அகற்றுவதற்குக் கலம் வைத்திருக்கும் ஏவலாளனான யூ.பி.ஆர். 4 என்னும் புரதத்தையே துணைக்கு அழைக்கின்றது. இது 2013ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது. வீட்டுக்காரனின் துடைப்பத்தாலேயே வீட்டுக்காரனின் தூதனைக் கூட்டித் தள்ளும் சூழ்ச்சி இது.

முன்னர் கூறிய எலிப் புதிரின் விடையும் இங்கேதான் இருக்கின்றது. எலியின் ஸ்டாட் 2, மனிதனுடையதினின்றும் வேறுபட்டது. என்.எஸ்.5இனால் அதனைப் பற்ற இயலவில்லை. எனவே எலியின் கலங்களில் எச்சரிக்கை தடையின்றிச் சென்றடைகின்றது. வைரசு தொடக்கத்திலேயே அடங்கிவிடுகின்றது. 2010ஆம் ஆண்டில் இது நிறுவப்பட்டது. ஆய்வுகூடத்து எலி டெங்கை ஆராய ஏற்றதாக அமையாதிருந்ததற்கும், மருந்து காணும் முயற்சி தாமதித்ததற்கும், இரு புரதங்கள் பொருந்தாமையும் ஒரு காரணம் எனின் அது மிகையாகாது.

என்.எஸ்.5இன் தொழில்கள் இத்துடன் முடிந்தில. கலத்தின் கருவினுள்ளேயும் அது புகுந்து, செய்தி ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டிச் செப்பனிடும் பொறியிற் குறுக்கிடுகின்றது என 2016ஆம் ஆண்டில் காமார்னிக் அம்மையாரின் குழுவினரே தெரிவித்தனர். இவ்வாறு, முத்திரையிடுதல், படியெடுத்தல், தூதனை மறித்தல், செப்பனிடும் இடத்திற் குழப்பம் விளைத்தல் ஆகிய யாவும் ஒரே சங்கிலியின் வேலைகள்.

1941ஆம் ஆண்டில் பீடில், ரேற்றம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பூஞ்சணத்தை ஆராய்ந்து, ஒரு மரபணுவுக்கு ஒரு நொதியம் என்னும் கொள்கையை வகுத்தனர். உயிரியலுக்கு அது பெரும் ஒளியூட்டிற்று. ஆனால், வறிய குடும்பத்தில் ஒருவரே உழவும் தச்சும் காவலும் பார்ப்பது போல, பத்தே புரதங்களைக் கொண்ட வைரசு ஒவ்வொன்றிடமும் பல தொழில்களை வாங்கிக்கொள்கின்றது. இச்சுருக்கமே அதன் பலம். இச்சுருக்கமே அதன் பலவீனமும் ஆகும். டெங்கின் படியெடுக்கும் நொதியம் தன் பிழைகளைத் தானே திருத்துவதில்லை; எனவே வைரசு ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றது. ஆயினும், பல தொழில் புரியும் பகுதி மனம்போல மாற இயலாது. ஒரு தொழிலுக்கு ஏற்ப மாறினால் மற்றொரு தொழில் கெட்டுவிடும். டெங்கு வைரசின் நான்கு இனங்களிலும் மிகக் குறைவாக வேறுபடும் புரதம் என்.எஸ்.5ஆக இருப்பதன் காரணம் இதுவே. மாறாத இடத்தில் அடித்தால் நான்கும் வீழும் என்னும் நம்பிக்கை இதிலிருந்தே பிறந்தது.

நான்கையும் ஒருங்கே எதிர்க்கவேண்டிய தேவை ஏன் எழுகின்றது? ஓர் இனத்தால் நோயுற்று மீண்டவருக்கு அவ்வினத்தின் மீது நீண்டகாலக் காப்பு உண்டு. மற்ற மூன்றின் மீது இல்லை. அதுமட்டுமன்று. இரண்டாம் முறை வேறோர் இனம் தொற்றும்போது, முன்னைய எதிர்ப்பொருள்களே வைரசுக்கு ஏணியாகி நோயைக் கடுமையாக்கக்கூடும் என, 1960களில் தாய்லாந்திற் பணியாற்றிய ஸ்கொட் ஹால்ஸ்ரெட் முதலானோரின் ஆய்வுகள் சுட்டின. இக்காரணத்தால் தடுப்பூசி ஆக்குவோர் கத்தி முனையில் நடக்கவேண்டியவராயினர். 2015ஆம் ஆண்டில் முதன்முதலாக அனுமதி பெற்ற தடுப்பூசி, முன்னர் டெங்கு தொற்றாதவர்களுக்கு ஊறு விளைக்கலாம் என 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதும் இதனாலேயே.

மருந்தின் வரலாற்றிலும் நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்தே இருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர்கள், என்.எஸ்.3, என்.எஸ்.4பீ என்னும் இரு வைரசுப் புரதங்கள் கைகோப்பதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டனர். அது நான்கு இனங்களையும் அடக்கிற்று. அவ்வழி வந்த மருந்து மனிதரிற் சோதிக்கப்பட்டுவந்த வேளையில், 2024ஆம் ஆண்டில், அதனை வளர்த்த நிறுவனம் தன் திட்டங்களை மாற்றியமைத்து அச்சோதனையை நிறுத்திவிட்டது. புரதத்தின் நுட்பத்தை அறிவது ஒன்று. அந்த அறிவு மாத்திரையாகி வெப்பநாட்டு ஏழையின் கைக்கு வருவது மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆய்வுகூடம் மட்டும் கடந்துவிட முடியாது.

எனினும், அறிவு வெறுங்கையோடு நின்றுவிடவில்லை. வைரசு குருதியிற் கசியவிடும் என்.எஸ்.1 என்னும் மற்றொரு புரதத்தைத் தேடும் சோதனை, காய்ச்சலின் முதல் நாட்களிலேயே நோயை இனங்காட்டுகின்றது. நோயை முன்னரே அறிந்த மருத்துவர், குருதிக் கலன்களிலிருந்து நீர்மம் கசியும் இடரான வேளையைக் காத்திருந்து, அளவறிந்து நீர்மம் செலுத்தி உயிரைக் காக்கின்றார். காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலமே அந்த இடரான வேளை. சுரம் விட்டது எனக் குடும்பத்தார் மகிழும் நேரமும் அதுவே. அந்நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குருதிக் கசிவு, கைகால் குளிர்தல், சோர்வு ஆகியவை தோன்றின் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனையை அடைதல் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர, அஸ்பிரின் முதலியவற்றைத் தாமாக உட்கொள்ளுதல் ஆகாது. அவை குருதிப் பெருக்கைக் கூட்டும்.

புதிய பல்லேகம போன்று, புதுக் கூரையும் புதுப் பீலியும் புதுத் தொட்டியுமாக எழும் குடியிருப்புக்கள் இந்நாட்டிற் பலவாகும். பெருநீரைத் தேக்கிய நாடு, கைப்பிடி நீரைத் தேங்கவிடாதிருக்கக் கற்கவேண்டிய காலம் இது. ஈடிசு நுளம்பின் முட்டை, நீர் வற்றிய பின்னரும் கலத்தின் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடிய காலமே பிடிக்கும். எனவே நீரைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை தவறாது செய்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலுக்கு வந்து சிரட்டையையும் பழைய வாகனத் தயரையும் சுட்டிக்காட்டுவது வீண் கெடுபிடியன்று.

என்.எஸ்.5 மனிதக் கலத்தினுள்ளே புகுந்த பின்னர் அதனை எதிர்ப்பதற்கு அறிஞர் உலகம் இன்னும் முயன்றுகொண்டே இருக்கின்றது. அது கலத்தை அடையுமுன் தடுக்கும் வழியோ எல்லோர் கையிலும் இருக்கின்றது. மலேரியாவை வென்ற நாட்டு மக்களுக்கு இது புதிய பாடமன்று. பழைய பாடத்தை வீட்டு முற்றத்தில் மீண்டும் படிப்பதேயாகும்.